மலை வளைவில் ஓட்டுபவர் எதைப் பார்க்கிறார்?

உப்புக்காற்று:

மோட்டார் சைக்கிளில் போக உலகிலேயே அழகான சாலை எது என்று யார் கேட்டாலும் மலைப் பாதைகளின் பெயர்கள்தான் முதலில் வந்து விழுகின்றன. இத்தாலியின் ஸ்டெல்வியோ, ருமேனியாவின் டிரான்ஸ்ஃபகரசான், நார்வேயின் டிரோல்ஸ்டிகன், நம்மூர் கொல்லிமலை. எனக்கு இதில் நெடுநாளாக மனத்தாங்கல் உண்டு. அடுக்கடுக்காகக் கொண்டை ஊசி வளைவுகள் வரும் பாதையில் வண்டியைப் பிடித்திருப்பவர் மலையையா பார்க்கிறார்? வளைவின் உள்விளிம்பைப் பார்க்கிறார், அங்கே சிதறிக் கிடக்கும் சரளையைப் பார்க்கிறார், எதிரே திரும்பும் பஸ்ஸின் முகப்பைப் பார்க்கிறார். உச்சியில் இறங்கி நின்ற பிறகுதான் அவருக்கு மலையே கண்ணில் படுகிறது. அப்படியென்றால் அந்த அழகு உச்சிக்குச் சொந்தம், சாலைக்கு அல்ல.

கடலோரச் சாலை அப்படிக் கஞ்சத்தனம் செய்வதில்லை. ஆஸ்திரேலியாவின் கிரேட் ஓஷன் ரோடு 243 கிலோமீட்டர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் 1919 முதல் 1932 வரை பெரும்பாலும் மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு வெட்டிய பாதை அது. அங்கே கண்ணைத் திருப்பவே வேண்டாம், கடல் பார்வையின் ஓரத்தில் கூடவே ஓடி வருகிறது. இருபது நிமிடம் அலையின் ஓசை ஹெல்மெட்டுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அழகு கிடைக்கும் சாலைக்குத்தான் நான் முதல் இடம் கொடுப்பேன்.

கொண்டைஊசி:

நண்பரே, மோட்டார் சைக்கிளை ஜன்னல் ஓர இருக்கையாக நினைத்துவிட்டீர்கள். காட்சியைக் கண்ணால் மட்டும் பார்ப்பதென்றால் கார் போதும், ரயில் போதும்.

ஸ்டெல்வியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். பிராடோ ஊரிலிருந்து ஏறும் பக்கத்தில் 48 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் பொறித்த கல். 1820களில் குதிரை வண்டிகளுக்காக ஆஸ்திரியப் பேரரசு போட்ட பாதை என்பதால் ஏற்றம் சீராக இருக்கிறது, ஆனால் திருப்பங்கள் மிகக் குறுகல். சுமார் 900 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,757 மீட்டரில் முடிகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குளிரும் என்பது கணக்கு. ஆக, ஒரே ஏற்றத்தில் பன்னிரண்டு டிகிரி குறைகிறது. காருக்குள் இருப்பவருக்கு இது தெரியுமா? நமக்குத் தெரியும். கீழே சட்டைக் கழுத்தைத் திறந்து விட்டுக்கொண்டு புறப்படுகிறோம். ஊசியிலைக் காட்டுக்குள் நுழைந்ததும் ஈர மண் வாசம் மூக்கில் ஏறுகிறது. மரங்கள் முடிகிற உயரம் வந்ததும் வாசமே நின்றுபோகிறது. அப்புறம் விரல் நுனியில் குளிர். மலை முழுவதும் என் உடம்பு வழியாகப் போயிருக்கிறது. இதைவிட வேறு எப்படிப் பார்ப்பது?

வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது தொடுவானமே சாய்கிறதே, அதை மறந்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தச் சாய்ந்த வானம்தான் காட்சி.

நேர்கோடு:

இரண்டு பேருமே சமவெளியை மறந்துவிட்டீர்கள். ஆஸ்திரேலியாவின் நல்லர்பார் பகுதியில் ஐர் நெடுஞ்சாலை 146.6 கிலோமீட்டர் தூரம் ஒரு வளைவுகூட இல்லாமல் போகிறது. அங்கே வானம்தான் காட்சி. மேகத்தின் நிழல் சாலையைக் கடந்து போவதை முழுதாகப் பார்க்கலாம்.

கொண்டைஊசி:

பார்க்கலாம், விழித்திருந்தால். வளைவே இல்லாத சாலையில் அரை மணியில் கவனம் மங்குகிறது. டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகிறது. மாலை மங்கினால் கங்காரு குறுக்கே பாயும். எனக்கு வேண்டாம்.

நேர்கோடு:

மங்குவது சாலையின் குற்றமில்லை. மணிக்கொரு முறை இறங்கி நடப்பவருக்கு மங்காது. தனிமை வேண்டும் என்று போகிறவர்களுக்கு அந்தச் சாலை கொடுப்பதை எந்த மலையும் கொடுக்காது. உங்கள் கணவாயில் ஞாயிற்றுக்கிழமை நூறு வண்டிகளுக்குப் பின்னால் புகையை முகர்ந்துகொண்டு ஏறியிருக்கிறேன்.

பின்னிருக்கை:

நான் இதில் இரண்டு பக்கத்துக்கும் சாட்சி சொல்ல முடியும். பத்து ஆண்டுகள் என் கணவரின் பின்னால் உட்கார்ந்து போனவள் நான். பிறகு நானே ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

முதல்முறை ஸ்டெல்வியோ ஏறியபோது பின்னிருக்கையில் இருந்தேன். பனிப்பாறை எந்த இடத்தில் தொங்குகிறது, எந்தத் திருப்பத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் திறக்கிறது, மேலே தெரியும் சாலை எப்படி நாடாவை மடித்து வைத்ததுபோல் இருக்கிறது, எல்லாவற்றையும் பார்த்தேன். மேலே போனதும் "அந்தப் பனிப்பாறை எவ்வளவு பெரிது!" என்றேன். "எந்தப் பனிப்பாறை?" என்று கேட்டார் அவர். உண்மையாகவே அவர் பார்க்கவில்லை. அதுவரை உப்புக்காற்று சொல்வதுதான் சரி.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே பாதையில் என் சொந்த வண்டியில் ஏறினேன். பனிப்பாறையை நானும் பார்க்கவில்லை. ஆனால் ஒரு திருப்பம் இன்னும் நினைவில் இருக்கிறது. வலப்பக்கம் மடங்கும் திருப்பம். உள்விளிம்பில் தார் பெயர்ந்து கையளவு பள்ளம். அதன் ஓரத்தில் சிறுசிறு மஞ்சள் பூக்கள். முதல் கியர், கிளட்ச் பாதி, பின்பிரேக்கில் காலை இலேசாக வைத்துக்கொண்டு, தாடை தோளில் இடிக்கும் அளவுக்குக் கழுத்தைத் திருப்பி மேலே ஏறும் சாலையைப் பார்த்தேன். வண்டி தானாக அங்கே போனது. பின்னால் உட்கார்ந்து பார்த்த பனிப்பாறை இன்று புகைப்படத்தைப் பார்த்தால்தான் நினைவுக்கு வருகிறது. அந்த மஞ்சள் பூக்களுக்குப் புகைப்படமே இல்லை, ஆனால் கண்ணை மூடினால் தெரிகின்றன.

எது அழகான பார்வை என்று கேட்டால் எனக்கு இரண்டும் வேண்டும். ஆனால் ஓட்டுபவர் எதையும் பார்ப்பதில்லை என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

கொண்டைஊசி:

சகோதரி, நான் மூன்று பத்தியில் சொல்ல முயன்றதை அந்தப் பூக்கள் சொல்லிவிட்டன.

உப்புக்காற்று:

அவர் முதல் பாதியில் சொன்னதையும் சேர்த்துப் படியுங்கள். பனிப்பாறை எந்தப் பக்கம் என்றே தெரியாமல் ஒருவர் உச்சிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்! பூ அழகுதான். பூவைப் பார்க்கக் கணவாய் ஏற வேண்டுமா?

பழஞ்சக்கரம்:

நாற்பது ஆண்டுகளாக ஓட்டுகிறேன். இருவரும் ஆபத்தான ஒன்றைத் தொடாமல் சுற்றி வருகிறீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

கண் போகும் இடத்துக்குத்தான் வண்டி போகும். இது அறிவுரை அல்ல, மோட்டார் சைக்கிள் வேலை செய்யும் விதமே அப்படித்தான். திருப்பத்தின் முடிவைப் பார்த்தால் கை தானாக அங்கே திருப்பும், பள்ளத்தாக்கைப் பார்த்தால் பள்ளத்தாக்குக்குத் திருப்பும். எனக்கு நடந்தது. மலையிலிருந்து இறங்கும்போது இடப்புறம் கீழே ஓர் ஏரி வெயிலில் பளிச்சென்று மின்னியது. இரண்டு நொடி பார்த்திருப்பேன். தலையைத் திருப்பியபோது முன்சக்கரம் தாரின் விளிம்பை விட்டு ஓரக் கற்களில் ஓடிக்கொண்டிருந்தது. முன்பிரேக்கைத் தொடாமல், வண்டியை நிமிர்த்தி, பின்பிரேக்கால் மட்டும் நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தபோது சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் இடையே என் பாதம் வைக்கும் அகலம்தான் இருந்தது. கை நடுக்கம் நிற்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்த ஏரியை அதன்பிறகு பார்க்கவே தோன்றவில்லை.

மணிக்கு 40 கிலோமீட்டரில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறோம், 90 கிலோமீட்டரில் 25 மீட்டர். உப்புக்காற்று, உங்கள் கடலோரத்திலும் இதே கணக்குதான். கடல் "கூடவே ஓடி வருகிறது" என்ற மயக்கத்தில் வேகம் கூடுவதே தெரியாது.

ஆகவே என் அளவுகோல் வேறு. நிறுத்த இடம் இருக்கிறதா? அதைத்தான் முதலில் பார்ப்பேன். அமெரிக்காவின் புளூ ரிட்ஜ் பார்க்வேயை நினைத்துப் பாருங்கள். 755 கிலோமீட்டர் நீளம். 1935இல் வேலை தொடங்கி, கடைசித் துண்டு 1987இல்தான் முடிந்தது. சரக்கு லாரிகளுக்கு அனுமதி இல்லை. வேக வரம்பு பெரும்பாலும் மணிக்கு 72 கிலோமீட்டர். வழி நெடுகக் காட்சி முனைகள், வண்டியை ஓரங்கட்டி நிற்கத் தனி இடத்தோடு. எங்கோ போய்ச் சேருவதற்காகப் போட்ட சாலையல்ல, பார்ப்பதற்காகவே போட்ட சாலை. அங்கே ஓட்டும்போது ஓட்டு, பார்க்கும்போது நின்று பார் என்று சாலையே பிரித்துக் கொடுத்துவிடுகிறது.

அதன் தென்முனைக்கு மேற்கே இருப்பதுதான் டெயில் ஆஃப் தி டிராகன். 18 கிலோமீட்டரில் 318 வளைவுகள் என்று விளம்பரம். நல்ல சாலைதான், ஆனால் காட்சிக்காக அங்கே போனேன் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

கொண்டைஊசி:

ஐயா, கற்களில் ஓடிய சக்கரத்தைப் படித்தபோது என் கையும் வியர்த்தது. ஆனால் உங்கள் அனுபவம் என் கட்சிக்குத்தானே வலு சேர்க்கிறது? நான் ஏரியைப் பார்க்கச் சொல்லவில்லை, சாலையைப் பார்த்துக்கொண்டே மலையை உணரலாம் என்கிறேன். கடல் கண்ணோரத்தில் வரட்டும் என்கிற உப்புக்காற்றுதான் கண்ணை இழுக்கிறார்.

இன்னொன்றும் கேட்கிறேன். கடலோரம் என்றால் நேரான சாலையா? கலிஃபோர்னியாவின் பிக் சர் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருபுறம் செங்குத்தான மலை, மறுபுறம் பசிபிக், நடுவில் வளைவுக்கு மேல் வளைவு. நிலச்சரிவால் அடிக்கடி மூடப்படும் சாலை அது. கடல் இருப்பதால் அங்கே வளைவு குறைந்துவிட்டதா? நார்வேயின் அட்லாண்டிக் சாலையில் 8 கிலோமீட்டருக்குள் எட்டுப் பாலங்கள். புயல் நாளில் பக்கக் காற்று வண்டியைத் தூக்கி அடுத்த தடத்தில் வைத்துவிடும். அங்கே யார் கடலைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவது?

உப்புக்காற்று:

பிக் சர் பற்றிச் சொன்னது நியாயம். கடலோரம் என்றாலே எளிது என்பதுபோல் எழுதிவிட்டேன், அதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனாலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. கடலோரத்தில் எந்தத் திசையில் போகிறோம் என்பதை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கலாம், அது முழுப் பயணத்துக்கும் பலன் தரும். பிக் சரில் போக்குவரத்து வலப்பக்கம், ஆகவே வடக்கிலிருந்து தெற்கே போனால் கடல் நம் தடத்தை ஒட்டியே இருக்கிறது. ஓரங்கட்டி நிற்க எதிர்த்தடத்தைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. கிரேட் ஓஷன் ரோட்டில் இடப்பக்கம், அங்கே கிழக்கிலிருந்து மேற்கே போக வேண்டும். பழஞ்சக்கரம் ஐயா கேட்கிற "நிறுத்த இடம்" இதனால் இரண்டு மடங்காகிறது. கொண்டை ஊசி மலையில் இந்தத் தேர்வே இல்லை. ஒரு திருப்பத்தில் பள்ளம் உங்கள் பக்கம், அடுத்ததில் எதிர்ப்பக்கம்.

நேர்கோடு:

இது பயனுள்ள செய்தி. நான் பிக் சரைத் தெற்கிலிருந்து வடக்கே ஓட்டினேன். நிற்க வேண்டும் என்று தோன்றிய இடமெல்லாம் எதிர்ப்பக்கத்தில் இருந்தது.

பின்னிருக்கை:

வியட்நாமின் ஹாய் வான் கணவாயை யாருமே சொல்லவில்லையே? மலையும் கடலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. உச்சி 496 மீட்டர்தான், நீளம் இருபது கிலோமீட்டர் அளவு. 2005இல் மலைக்கு அடியில் சுரங்கப்பாதை திறந்ததும் லாரிகளில் பெரும்பாலானவை உள்ளே போய்விட்டன. மோட்டார் சைக்கிள்களைச் சுரங்கத்துக்குள் ஓட்டிச்செல்ல விடுவதில்லை, அதனால் மேலே இருக்கிற பழைய பாதை நமக்கென்று ஆகிவிட்டது.

கொண்டைஊசி:

496 மீட்டர் ஒரு மலையா என்று கேட்க வாயெடுத்தேன், நிறுத்திக்கொண்டேன். உயரத்தைத் துரத்துகிறவர்கள் மேல் எனக்கே கோபம் உண்டு. லடாக்கின் கர்துங் லா உச்சியில் நெடுங்காலம் நின்ற பலகை 5,602 மீட்டர் என்றது, நவீன அளவீட்டில் 5,359தான் வந்தது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். கார்புரேட்டர் வண்டி மூச்சுத் திணறும், ஓட்டுபவருக்குத் தலை வலிக்கும். பலகைக்கு அருகே படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். மலையை உணரப் போகிறவருக்கு எண் எதற்கு?

ஹாய் வானில் கடைசியில் எந்தப் பக்கத்திலிருந்து ஏறினீர்கள்?

பின்னிருக்கை:

தெற்கே உள்ள டா நாங் நகரிலிருந்து வடக்கே. வலப்பக்கப் போக்குவரத்து, கடலும் வலப்பக்கம். உப்புக்காற்று சொன்ன கணக்கு அப்போது எனக்குத் தெரியாது, தற்செயலாக அமைந்தது. ஏறும்போது வெயில், உச்சியில் மேகம், மறுபக்கம் இறங்கும்போது தூறல். ஈரத் தாரில் இரண்டாம் கியரில் எஞ்சினின் பிடியிலேயே இறங்கினேன். கீழே லாங் கோ கடற்கரையின் வெள்ளை மணல் தெரிந்தது. ஓரங்கட்டி நின்றுதான் பார்த்தேன், பழஞ்சக்கரம் ஐயா.

பழஞ்சக்கரம்:

நல்லது, அம்மா. எத்தனை முறை நின்றீர்கள்?

பின்னிருக்கை:

ஏழு.

உப்புக்காற்று:

கொண்டைஊசி, நான் அடுத்த ஆண்டு போக நினைக்கிறேன். மார்ச் மாதம், மழை குறைந்த பிறகு. டா நாங்கிலிருந்து வடக்கே ஒரு முறை என் கணக்குப்படி. பிறகு அதே பாதையில் எங்குமே நிற்காமல் திரும்பி ஒரு முறை, உங்கள் கணக்குப்படி. எது நினைவில் நிற்கிறது என்று வந்து எழுதுகிறேன்.

கொண்டைஊசி:

திரும்பும்போது கடல் எதிர்த்தடத்துக்கு அப்பால் இருக்கும், மலைச்சுவர் உங்கள் தோளை ஒட்டி வரும். என் கட்சிக்கு அதுவே தோதான பக்கம். கழுத்தைத் திருப்பித் திருப்பத்தின் முடிவைப் பார்த்து ஓட்டுங்கள்.

பழஞ்சக்கரம்:

புறப்படுவதற்கு முன் முன்டயரை மாற்றுங்கள். ஈரத் தார் என்று அம்மா எழுதியிருக்கிறார்.