பிளேட்லெட் குறைஞ்சா டெங்கு மட்டும்தானா? ஐ.டி.பி பார்த்தவங்க எழுதுங்க

ஊதா ரிப்பன்
செப்டம்பர் வந்தாச்சு, ஐ.டி.பி விழிப்புணர்வு மாசம். ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட்டுகளை உடம்பே அழிச்சுடற நோய் இது, ஊதா ரிப்பன்தான் அடையாளம். ஊருக்குக் கொடுக்கிற நோட்டீஸ்ல என்ன போடலாம்னு பேச்சு வந்தாலே ஒரு காட்சிதான் கண்ணு முன்னால நிக்குது. முகாமுக்கு வந்த ஒரு அம்மா. முழங்காலுக்குக் கீழே குண்டூசி முனை அளவுல செம்புள்ளிகள். கொசுக்கடின்னு ரெண்டு வாரமா தேங்காய் எண்ணெய் தடவியிருக்காங்க. கண்ணாடி டம்ளர் அடிப்பக்கத்தைப் புள்ளி மேல வச்சு அழுத்தினா கொசுக்கடிச் சிவப்பு வெளுத்துடும். இது அப்படியே இருந்தது. தோலுக்கடியில கசிஞ்ச ரத்தம், அழுத்தினா எங்கே போகும்? (எவர்சில்வர் டம்ளர் ஆகாது, அழுத்தும்போதே ஊடாகப் பார்க்கணும்.) பாவாடை நாடா இறுக்குற இடத்துலயும் வரிசையா புள்ளி. அரிப்பு இல்லை, காய்ச்சல் இல்லை. பிளேட்லெட் 14,000. ஒன்றரை லட்சமாவது இருக்கணும். அதனால நோட்டீஸ்ல முதல்ல டம்ளர் படம் போடலாம்னு நினைக்கிறேன்.

ஸ்லைடு
டம்ளர் சரி. எண்ணிக்கையை மட்டும் நம்பாதீங்க. பல் பிடுங்கறதுக்கு முன்னால எடுத்த டெஸ்ட்ல ஒருத்தருக்கு 22,000 வந்தது. உடம்புல ஒரு புள்ளி இல்லை, ஈறுல ரத்தம் இல்லை. அதுக்குள்ள வீட்ல ஆறு பேரை ரத்தம் கொடுக்கக் கூட்டிட்டு வந்துட்டாங்க. ஸ்லைடை மைக்ராஸ்கோப்புல வச்சா, ஓரத்துல பிளேட்லெட் கொத்துக் கொத்தா, திராட்சைக் குலை மாதிரி.

ஊதா மூடிக் குழாய்ல ரத்தம் உறையாம இருக்கப் போடுற இ.டி.டி.ஏ சிலருடைய ரத்தத்துல பிளேட்லெட்டுகளை ஒட்ட வச்சிடும். மெஷின் ஒரு கொத்தை ஒரே செல்லா எண்ணும், இல்லைன்னா வெள்ளணுக் கணக்குல சேர்த்துடும். நேரம் ஆக ஆகக் கொத்து பெருசாகும். அதனால கலெக்‌ஷன் சென்டர்ல காலையில எடுத்து சாயங்காலம் ஓட்டுன சாம்பிள்னா சந்தேகம் கூடுதல். நீல மூடி சிட்ரேட் குழாய்ல திரும்ப எடுத்து, வந்த எண்ணை 1.1-ஆல பெருக்கணும், அதுல திரவம் கலந்திருக்கிறதால. இவருக்கு 1.90 லட்சம் வந்தது, பெருக்கினா 2.09 லட்சம். சிலருக்கு சிட்ரேட்லயும் கொத்தும், அப்ப எடுத்த கையோட ஓட்டிப் பார்க்கணும். ஊதா ரிப்பன் கட்டுறதுக்கு முன்னால ஊதா மூடியைப் பாருங்க.

ஏழாம் வார்டு
ஸ்லைடு சார், இதை நோட்டீஸ்ல போட்டா 'மெஷின் கோளாறு'ன்னு சொல்லிட்டு ஜனங்க வீட்லயே இருந்துடும். லேப்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதை ஊருக்குச் சொல்லாதீங்க.

வார்டுல மறக்க முடியாதது அஞ்சு வயசுப் பையன். சளிக் காய்ச்சல் வந்து மூணு வாரம் கழிச்சு உடம்பெல்லாம் ஊதாத் திட்டு, பிளேட்லெட் 9,000. டாக்டர் டார்ச் அடிச்சுக் கன்னத்து உள்பக்கம், நாக்கடி, அண்ணம் எல்லாம் பார்த்தார். ரத்தக் கொப்புளம் ஒண்ணுகூட இல்லை. தோல்ல மட்டும்தான்னா மருந்து வேண்டாம், கவனிச்சா போதும்னார். பாட்டி சண்டைக்கே வந்துட்டாங்க, "பிளேட்லெட் ஏத்துங்க"ன்னு. ஏத்தினாலும் நிக்காது. உடம்பே பிளேட்லெட்டுக்கு எதிரா ஆன்டிபாடி செஞ்சு வச்சிருக்கு. அது ஒட்டின பிளேட்லெட்டை மண்ணீரல் தின்னுடும். சாதாரணமா ஒரு வாரத்துக்கு மேல வாழ்றது இங்கே சில மணி நேரத்துல போயிடும். உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்குன்னா மட்டும் ஏத்துவாங்க, அதுவும் ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் கூடவே.

குழந்தைகள்ல பெரும்பாலானவங்களுக்கு ஆறு மாசத்துக்குள்ள தானா சரியாகும். பெரியவங்களுக்கு அப்படி இல்லை, 12 மாசம் தாண்டினா நாள்பட்டதுன்னு பேர்.

கிணத்தடி
பப்பாளி இலைச்சாறு மூணு நாள் கொடுங்க. எங்க தெருவுல ஒருத்தருக்கு 40,000-லிருந்து ஒண்ணரை லட்சம் ஆச்சு.

ஸ்லைடு
அவருக்கு டெங்கு. காய்ச்சல் விட்ட ரெண்டு மூணு நாள்ல பிளேட்லெட் தானா ஏற ஆரம்பிக்கும், சரியா அந்த நேரத்துலதான் சாறு உள்ளே போகுது. ஐ.டி.பி-க்கு அந்தத் தேதி கிடையாது. ஆன்டிபாடி இருக்கிற வரைக்கும் இறங்கும். நோயாளி ரத்தத்துலயே பிளேட்லெட்டை அழிக்கிறது இருக்குன்னு 1951-லேயே தெரிஞ்சுபோச்சு. செயின்ட் லூயிஸ்ல ஹாரிங்டன்னு ஒரு டாக்டர், நோயாளி ரத்தத்தைத் தனக்கே ஏத்திக்கிட்டார். சில மணி நேரத்துல அவர் பிளேட்லெட் அதலபாதாளத்துக்குப் போயிடுச்சு.

மாத்திரைப் பட்டை
கவுன்ட்டர்ல ஒருத்தர். பிளேட்லெட்டைக் கூட்டுற மாத்திரை எல்ட்ரோம்போபாக் 50 மி.கி மூணு வாரமா சாப்பிடுறார், எண்ணிக்கை நகரவே இல்லை. மாத்திரை போலின்னு சண்டை. அதே பில்லுல கால்சியம் மாத்திரையும் இருந்தது. "ரெண்டையும் எப்ப சாப்பிடுவீங்க?" "காலைல காபியோட, ஒரே வாயில."

அவ்வளவுதான் கதை. யாரும் கேக்கலைன்னாலும் சொல்றேன். கால்சியம், இரும்பு, மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம் எல்லாம் இந்த மருந்தைக் குடல்லயே பிடிச்சு வச்சிடும், ரத்தத்துக்கு விடாது. அதனால பால், தயிர், மோர், ராகிக் கூழ், இரும்பு டானிக், வயித்தெரிச்சல் சிரப் எதுவானாலும் மாத்திரைக்கு அப்புறம் 2 மணி நேரம் கழிச்சுத்தான். அதெல்லாம் முதல்ல சாப்பிட்டிருந்தா 4 மணி நேரம் கழிச்சு மாத்திரை. நம்ம ஊருக்கு ஒத்து வர்ற நேரம் விடியற்காலை: 5 மணிக்குத் தண்ணியோட மாத்திரை, 7 மணிக்குக் காபி. ராத்திரி தயிர்சாதம் அதுக்குள்ள தாண்டிப் போயிருக்கும். ஒரு நாள் விட்டுப்போனா மறுநாள் ரெண்டா போடக் கூடாது. டோஸ் மாத்துற காலத்துல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கல்லீரல் டெஸ்ட். எண்ணிக்கை நல்லா வந்துடுச்சேன்னு நீங்களா நிறுத்தினா பழைய அளவைவிடக் கீழே விழலாம்.

ஸ்டீராய்டு வேற கணக்கு. டெக்ஸாமெத்தசோன் 40 மி.கி 4 நாள்னா நாலோட நிறுத்துவாங்க. வாரக்கணக்குல சாப்பிட்ட பிரெட்னிசலோனை டாக்டர் சொல்ற மாதிரி படிப்படியாத்தான் குறைக்கணும். காலைல டிபனுக்கு அப்புறம் போடுங்க, ராத்திரி போட்டா தூக்கம் வராது. சர்க்கரை இருக்கிறவங்க அடிக்கடி பார்த்துக்கணும்.

ஊதா ரிப்பன்
நோட்டீஸ் ஒரு பக்கம்தான் சார்!

ஏழாம் வார்டு
அந்தப் பக்கத்துல இடம் இருந்தா ஊசியையும் சேருங்க. முதுகுவலின்னு கிளினிக் போன ஒரு பெண்ணுக்கு இடுப்புல டைக்ளோஃபெனாக் ஊசி. மறுநாள் பிட்டத்துல தோசைக்கல் அளவுக்குக் கருநீலம். ஒரே ஊசியில ரெண்டு தப்பு: பிளேட்லெட் கம்மியா இருக்கும்போது தசையில குத்தக் கூடாது, அந்த மருந்து மிச்சமிருக்கிற பிளேட்லெட்டையும் சரியா வேலை செய்ய விடாது. அவங்க பர்ஸ்ல இப்ப லேமினேட் பண்ண சீட்டு இருக்கு: "ஐ.டி.பி. தசையில் ஊசி வேண்டாம். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வேண்டாம். வலிக்கு, காய்ச்சலுக்கு பாராசிட்டமால். தலையில் அடி, கடும் தலைவலி, கறுப்பு மலம் என்றால் உடனே அவசரப் பிரிவு." பின்பக்கம் கடைசி எண்ணிக்கையும் தேதியும், பென்சில்ல.