புதுப்பிப்பு: காய்ந்த கிளைகளை எரிக்காமலே அகற்றியாகிவிட்டது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பெரியப்பாவின் தரைவீட்டுக் கொல்லையில் குவிந்த மாங்கிளை, தென்னமட்டைகளைப் போகியன்று கொளுத்த அனுமதி எங்கே வாங்குவது என்று கேட்டிருந்தேன். "ஊரில் கொளுத்தலையா?" என்பது அவர் வாதம்.

சிங்கப்பூரில் திறந்தவெளியில் எரிப்பதற்கே தடை. தேசியச் சுற்றுப்புற வாரியம்தான் கண்காணிக்கிறது. அனுமதி தேடி அலைந்தது வீண். அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் இரும்புப் பீப்பாயில் போடச் சொன்னவருக்கு: அது சீனர்கள் பிரார்த்தனைக் காகிதம் எரிக்க வைத்தது, கொல்லைக் குப்பைக்கல்ல.

கைகொடுத்தது, சிறு துண்டுகளாக வெட்டிக் கட்டு கட்டி, குப்பை எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கச் சொன்ன யோசனை. இரண்டு நடையில் எல்லாம் போய்விட்டது. சருகை மட்டும் செடிகளுக்கு மூடாக்காகப் போட்டோம்.

எதிர்பாராதது ஒன்று. குவியலுக்கு அடியில் கிடந்த தென்னம்பாளைகளில் மழைநீர் தேங்கி, கொசுப்புழு நெளிந்தது! டெங்கிக் கொசுவுக்கு அவ்வளவு தண்ணீர் போதும். நீங்களும் குவித்து வைத்திருந்தால் முதலில் பாளைகளைக் கவிழ்த்துவிடுங்கள்.

அப்புறம், மறுசுழற்சிக்குப் போகாத குப்பை எரிஆலைக்குத்தான் போகும், சாம்பல் குப்பை நிரப்பும் இடமான செமாக்காவ் தீவுக்கு. அதைச் சொன்னதும் பெரியப்பா சமாதானமாகிவிட்டார்.