‘இருவில்’, ‘குறுவில்’: மலைமிதிவண்டியின் வில்தொகுதிக்கான சொற்கள்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கும் அன்பர்களுக்கும் வணக்கம்.

கலப்புத் தடங்களில் ஓட்டுவதற்குப் பாரம் குறைந்த மலைமிதிவண்டியைத் தெரிவுசெய்வது பற்றிய கட்டுரைக்காக ஐயா முன்மொழிந்த ‘இலகு முழுத்தொங்கல் மலைமிதிவண்டி’ என்ற தொடரை ஊன்றிப் படித்தேன். முன்னும் பின்னும் அதிர்வைத் தாங்கும் அமைப்பு உள்ள வண்டியை ஆங்கிலத்தில் ‘ஃபுல் சஸ்பென்சன்’ என்பதையே அது ‘முழுத்தொங்கல்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கிறது. மிதிவண்டி என்பதில் எனக்கு மறுப்பில்லை. இங்கே இலங்கையில் அரச படிவங்களில் துவிச்சக்கர வண்டி என்றும் வீட்டில் சைக்கிள் என்றும் வழங்கினாலும், மிதிவண்டி எல்லோருக்கும் விளங்கும். ‘முழு’, ‘தொங்கல்’, ‘இலகு’ ஆகிய மூன்றையும் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். அவற்றுள்ளும் ‘இலகு’ என்பது வாங்குபவரைத் தவறான இடத்திற்குக் கொண்டுபோய் விட்டுவிடும் என்று உண்மையாகவே அஞ்சுகிறேன்.

ஐரோப்பாவின் பழைய குதிரை வண்டிகளில் பயணிகள் அமரும் கூடு தோல்வார்களில் உண்மையாகவே தொங்கவிடப்பட்டிருந்தது. அதனால் அவர்களுக்கு ‘சஸ்பென்சன்’, அதாவது தொங்கவிடல், என்ற பெயர் இயல்பாக அமைந்தது. மலைமிதிவண்டியிலோ எதுவும் தொங்குவதில்லை. ஓட்டுநரும் சட்டமும் வில்லின்மேல் அமர்ந்திருக்க, சக்கரங்கள் கீழே மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஏறி இறங்குகின்றன. மேலும், நீரில் கரையாது மிதக்கும் துணிக்கைகளைப் படிக்கும்போது நம் மாணவர்கள் ‘தொங்கல்’ என்ற சொல்லை வேதியியலில் ஏற்கெனவே கற்றுவிடுகிறார்கள். அதே சொல்லை இங்கும் சுமத்தினால் அது எந்த உருவத்தையும் மனத்தில் எழுப்பாது.

நம்மிடம் இதைவிடப் பொருத்தமான சொல் நெடுங்காலமாகவே இருக்கிறது. அச்சுக்கு மேலே இரும்புப் பட்டை வில் பொருத்திய மாட்டுவண்டியை நம் முன்னோர் வில்வண்டி என்றார்கள். வண்டியின் குலுக்கலை எது தாங்குகிறதோ அதையே வண்டிக்குப் பெயராக வைத்தார்கள். அந்த வழியில் சென்றால், சட்டத்தையும் சக்கரத்தையும் இணைத்து அதிர்வை ஏற்கும் அமைப்பு முழுவதும் ‘வில்தொகுதி’ ஆகும். முன்னால் மட்டும் வில் உடையது ‘முன்வில் மிதிவண்டி’. முன்னும் பின்னும் உடையது ‘இருவில் மிதிவண்டி’. 1980களின் இறுதியில் றொக்‌ஷொக்ஸ் போன்ற நிறுவனங்கள் முன்கவைக்கு, அதாவது கடைகளில் ‘போக்’ எனப்படும் பகுதிக்கு, மட்டும் வில் வைத்து விற்கத் தொடங்கின. பின்பக்கத்துக்கும் வில் பரவலாக வந்த பிறகே அதை வேறுபடுத்த ‘முழு’ என்ற அடைமொழி தேவைப்பட்டது. அந்த வரலாற்றை அறியாத வாசகருக்கு ‘முழு’ ஒன்றையும் சொல்வதில்லை. ‘இரு’ எண்ணிச் சொல்லிவிடுகிறது.

இன்றைய நல்ல வண்டிகள் பலவற்றில் சுருள் கிடையாது, அடைத்த காற்றுத்தான் உண்டு, அதை வில் என்பது எப்படிப் பொருந்தும் என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். அமுக்கினால் எதிர்த்து, விட்டால் மீள்வதுதான் வில்லின் இலக்கணம். அது உருக்கால் ஆனதா காற்றால் ஆனதா என்பது அடுத்த கேள்வி. எனவே ‘சுருள்வில்’, ‘காற்றுவில்’ என இரண்டையும் பிரித்தால் போதும். பாரம் குறைய வேண்டும் என்பவர் காற்றுவில்லையே நாடுவார். தம் உடற்பாரத்துக்கு ஏற்ப ஒரு கைப்பம்பால் அமுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிவதும் அதன் பெரிய வசதி.

இனி, சக்கரம் மேலெழக்கூடிய மொத்தத் தூரத்துக்கு ஐயா ‘பயணம்’ என்று எழுதியிருந்தீர்கள். ‘120 மில்லிமீற்றர் பயணம்’ என்று வாசிப்பவர் நிச்சயமாகத் தடுமாறுவார். ‘அமுங்குதூரம்’ என்பது நேராகப் பொருள் தருகிறது. அதிர்வுதாங்கியைப் பற்றி ‘சொக் அமுங்குது’ என்றுதான் நம்மவர் பேசுகிறார்கள். இந்த அமுங்குதூரத்தைக் கொண்டே வண்டிகளை வகைப்படுத்தலாம் என்பது என் முதன்மையான முன்மொழிவு. ஏறக்குறைய 100 முதல் 120 மில்லிமீற்றர் வரை ‘குறுவில்’, 130 முதல் 150 வரை ‘இடைவில்’, 160 உம் அதற்கு மேலும் ‘நெடுவில்’ எனலாம். செங்குத்தான சரிவில் இறங்குவதற்கென்றே செய்யப்படும் 200 மில்லிமீற்றர் வண்டிகளும் நெடுவில்லுக்குள் அடங்கும். விற்பனையாளர்கள் ஆண்டுக்கொரு பெயர் சூட்டுவார்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் தமிழாக்கிக்கொண்டே போனால் நம் சொற்பட்டியல் அவர்களுடைய விளம்பரத்தின் நிழலாகிவிடும். அமுங்குதூரமோ அளவுகோலால் அளக்கக்கூடியது.

‘இலகு’ என்பதை நான் ஏன் மறுக்கிறேன் என்பதும் இங்கிருந்துதான் விளங்கும். குறுவில் வண்டி பாரம் குறைவாக இருப்பதற்குக் காரணம் அதன் வில் குறுகியது, முன்கவை மெல்லியது, சட்டத்துக்கு வரும் விசை குறைவு என்பவையே. பாரக் குறைவு விளைவு. அதையே வகையின் பெயராக்கினால் வாங்குபவர் தராசை மட்டும் பார்ப்பார். 70 கிலோ உடையவர் 14.5 கிலோ வண்டியை விட்டு 12.5 கிலோ வண்டிக்கு மாறினால், மேட்டில் ஏற்ற வேண்டிய மொத்தப் பாரம் 84.5 இலிருந்து 82.5 ஆகிறது, அது 2.4 சதவீதக் குறைப்பு மட்டுமே. அதற்காகச் சட்டத்துக்குக் காபன் நார் தேடிப் பெரும்பணம் கொடுப்பதற்கு முன், சக்கரத்தின் விளிம்பைப் பார்க்க வேண்டும். விளிம்பிலும் ரயரிலும் உள்ள பாரம் முன்னோக்கி நகர்வதோடு சுழலவும் வேண்டியிருப்பதால், வேகம் கூட்டும்போது அதற்கு ஏறத்தாழ இருமடங்கு சக்தி தேவை. 1,000 கிராம் ரயரிலிருந்து 700 கிராம் ரயருக்கு மாறியதும் வண்டி உயிர்பெற்றதுபோல் ஓட்டுநர் உணர்வதற்கு இதுவே காரணம்.

ஆனால் அந்த 300 கிராமும் சும்மா போவதில்லை. ரயரின் பக்கச்சுவர் மெலிகிறது. கன்னியா வெந்நீரூற்றுகளைத் தாண்டி உள்ளே செல்லும் பாதைகளில் கூரிய கல்லும் முள்ளும் உண்டு. நிலாவெளிப் பக்கம் மணல். குளக்கட்டுகளில் இறுகிய மண். இடையிடையே நீண்ட கிரவல் வீதி. இப்படிக் கலந்த தடத்தில் குறுவில் வண்டிதான் நமக்குப் பொருந்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை, ஏனெனில் நெடுவில்லின் ஆழத்தைக் கேட்கும் இறக்கம் இங்கே இல்லை. அதே வேளை, பந்தயத்துக்கான மெல்லிய ரயரை இந்த முள்ளுக்குக் கொடுப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கடற்காற்றின் உப்பு பின்சட்டத்து மூட்டுகளில் உள்ள பெயாரிங்குகளைத் துருவேற்றுவதால், ஒரு மூட்டுக்குப் பதிலாகப் பின்சட்டத்தின் தண்டே சற்று வளைந்துகொடுக்கும் சட்டம் எங்கள் ஊருக்கு இருமடங்கு நன்மை: பாரமும் குறைகிறது, துருப்பிடிக்க ஒரு மூட்டும் குறைகிறது. அதை ‘வளைதண்டு’ எனலாம். பந்தய வண்டியின் குறுவில்லும் இறக்கத்துக்கு நம்பிக்கை தரும் சாய்ந்த முன்கவையும் (கிடையிலிருந்து 66 அல்லது 67 பாகை) சேர்ந்த வண்டிக்குக் ‘குறுவில் தடவண்டி’ என்ற பெயரே போதும். ஐயாவின் கட்டுரை பேசுவது இதைப் பற்றித்தான்.

மிகவும் கவனம் வேண்டிய சொல், ஓட்டுநர் ஏறி அமர்ந்ததும் வில் தானாகத் தாழும் அளவுக்கானது. அதற்கு ‘தொய்வு’ என்று வந்த முன்மொழிவு, தளர்ந்துபோன குறைபாட்டைச் சுட்டுவதுபோல் ஒலிக்கிறது. உண்மையில் இது வேண்டுமென்றே வைக்கப்படும் அளவு: சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது நிலத்தைத் தொடர்ந்து தொட்டிருக்க இந்தத் தாழ்வே இடம் தருகிறது. பின்பக்க அதிர்வுதாங்கியின் பளபளப்பான தண்டில் ஒரு சிறிய இறப்பர் வளையம் இருக்கும். அதை விரலால் அடைப்பு வரை தள்ளிவிட்டு, முதுகுப் பையும் தண்ணீர்ப் போத்தலுமாக மெதுவாக ஏறி அமர்ந்து, குலுக்காமல் இறங்கி, வளையம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். தண்டு 45 மில்லிமீற்றர் ஓடக்கூடியதாகவும் வளையம் சற்றேறக்குறைய 11 மில்லிமீற்றர் நகர்ந்ததாகவும் இருந்தால், அது 25 சதவீதம். பின்பக்கத்துக்கு 25 முதல் 30 சதவீதம் என்பது வழக்கமான பரிந்துரை. அமர்ந்ததால் வரும் தாழ்வு என்பதால் ‘அமர்தாழ்வு’ என்ற சொல்லை வைக்கிறேன்.

இந்த அளவீடே இன்னொரு வேறுபாட்டையும் கேட்கிறது. தண்டு ஓடுவது 45 மில்லிமீற்றர், சக்கரம் எழுவது 120 மில்லிமீற்றர். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் வாசகர் அமர்தாழ்வைத் தவறாகக் கணக்கிடுவார். ஆகவே முன்னதைத் ‘தண்டோட்டம்’ என்றும், பின்னதை மட்டும் அமுங்குதூரம் என்றும், இரண்டுக்குமான 2.67 என்ற விகிதத்தை ‘நெம்புவிகிதம்’ என்றும் பிரித்து எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.

வில்லுக்குக் கீழே உள்ள சக்கரம், ரயர், பிறேக் ஆகியவற்றின் பாரத்தைக் குறிக்க ‘நிறை’ வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூலில் நிறை என்பது இங்கே நாம் திணிவு என்று படிப்பது. நாம் நிறை என்பது அங்கே எடை. ‘வில்கீழ்ப்பாரம்’, ‘வில்மேற்பாரம்’ என்றால் இரு கரையினருக்கும் குழப்பமில்லை. வில்கீழ்ப்பாரம் குறையக் குறையச் சக்கரம் சிறு கற்களின்மேல் துள்ளாமல் நிலத்தை ஒட்டி ஓடும் என்ற விளக்கத்தையும் அதே இடத்தில் சேர்த்துவிடலாம். அமுங்கிய வில் திரும்புவது ‘மீள்வு’. அதன் கதியை அடக்குவது, பௌதிகத்தில் உள்ளவாறே, ‘தணிப்பு’.

புணர்ச்சி விதிப்படி ‘விற்றொகுதி’ என்றே வர வேண்டும் என்பதை அறிவேன். ‘விற்றராசு’ என்று பள்ளியில் படித்தவர்களுக்கு அது புதிதுமல்ல. ஆயினும் வில் என்ற சொல் கண்ணுக்குத் தெரிந்தால்தான் இருவில், குறுவில், காற்றுவில் என்ற குடும்பம் ஒன்றாக நிற்கும் என்பதால், இயல்பாக ‘வில்தொகுதி’ என்று எழுதுவதையே விரும்புகிறேன். ஐயா இதற்கு உடன்படவில்லையெனில், கட்டுரையை அனுப்புவதற்கு முன் இந்த ஒரு சொல்லையாவது மற்ற அன்பர்களின் கருத்துக்கு வைக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து