காமாக் கத்தி: கோபாற்று-60 இன் கதிர் உடலில் தங்கிவிடுமா?

கொட்டகலை மகள் கேட்கிறார்:
என் அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்தவர். ஒரு காது மெல்ல மந்தமாகி, மலைச்சரிவில் நிற்கும்போதே தள்ளாடத் தொடங்கியதால் ஸ்கேன் எடுத்தோம். கேட்டல் நரம்பில் இரண்டு சென்ரிமீற்றர் அளவில், புற்றுநோயல்லாத கட்டியொன்று இருப்பதாகச் சொன்னார்கள். மண்டையைத் திறக்காமல் காமாக் கத்தியால் சிகிச்சை செய்யலாம், அதற்கு இந்தியாவுக்குச் செல்ல நேரிடலாம் என்று வைத்தியர் கூறினார். கத்தியே இல்லாமல் அது எவ்வாறு வேலை செய்கிறது? அணுக்கதிர் பட்டவர் பேரப்பிள்ளையை மடியில் வைக்கக் கூடாது என்று எங்கள் லயத்தில், தோட்டக் குடியிருப்பு வரிசையில், பேசிக்கொள்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து அம்மா சிகிச்சையே வேண்டாம் என்கிறார்.

பௌதிகவியல் ஆசிரியர், பேராதனை:
தங்கையே, முதலில் அம்மாவின் அச்சத்தைப் போக்குங்கள். காமாக் கத்தியின் கதிர்கள் கோபாற்று-60 என்ற கதிர்வீசும் உலோகத்திலிருந்து வருகின்றன. சாதாரணக் கோபாற்று-59 அணு உலையில் ஒரு நியூத்திரனை உறிஞ்சிக் கோபாற்று-60 ஆகிறது. அது நிக்கலாகச் சிதையும்போது 1.17, 1.33 மெகா இலத்திரன் வோல்ற்றுச் சக்தியுள்ள இரண்டு காமாக் கதிர்களை வெளிவிடுகிறது. இச்சக்தி கட்டியின் டிஎன்ஏயைச் சிதைக்கப் போதுமானது. உடலிலுள்ள அணுக்கருக்களைக் கதிர்த்தொழிற்பாடு உடையனவாக, அதாவது தாமே கதிர்வீசுவனவாக, மாற்றப் போதாது. கோபாற்று இயந்திரத்தின் உள்ளேயே இருக்கிறது, உடலுக்குள் எதுவும் செல்வதில்லை. சிகிச்சை முடிந்து எழுந்த கணத்திலேயே அவர் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொள்ளலாம்.

கத்தியின் சூட்சுமத்தை அம்மாவுக்குக் கொழுந்து நிறுக்கும் இடத்தைக் கொண்டே விளக்கலாம். ஒவ்வொரு நிரையிலிருந்தும் ஒருவர் சுமப்பது ஒரு கூடைதான், ஆனால் எல்லோரும் வந்து கொட்டும் இடத்தில் குவியலே எழுந்துவிடுகிறது. அதுபோல ஏறத்தாழ இருநூறு மெல்லிய கதிர்கள் வெவ்வேறு திசைகளிலிருந்து மூளையைக் கடந்து கட்டியில் மட்டும் சந்திக்கின்றன. தனிக்கதிரின் பாதையில் உள்ள மூளைக்குக் கிடைப்பது சிறு அளவே.

சுவீடனின் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் லார்ஸ் லெக்செல் இந்த எண்ணத்தை 1951 இல் வெளியிட்டார். பின்னர் பௌதிகவியலாளர் போர்யே லார்சனுடன் சேர்ந்து, உப்சாலாவில் இருந்த துகள்முடுக்கியின் புரோத்தன் கற்றைகளைச் சோதித்தார். வைத்தியசாலைக்கு அது மிகப் பெரிய இயந்திரம் என்பதால் கோபாற்றைத் தேர்ந்தார்கள். 179 கோபாற்று மூலங்கள் கொண்ட முதற்கருவி 1968 இல் ஸ்டொக்ஹோமில் பயன்பாட்டுக்கு வந்தது. வைத்தியரும் அணு ஆய்வாளரும் ஒரே மேசையில் அமர்ந்ததால் பிறந்த கருவி என்பதாலேயே என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் இதைச் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற தாதி, பதுளை:
ஆசிரியர் கூறியவை சரியே. ஆயினும் அம்மாவுக்கு ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கட்டி மறுநாளே மறைந்துவிடாது. வளர்ச்சியை நிறுத்துவதே நோக்கம், சுருங்குவதற்கு மாதங்களும் ஆண்டுகளும் ஆகலாம். இடையில் சற்று வீங்கவும் கூடும் என்பதால் தொடர்ந்து ஸ்கேன் எடுக்க வேண்டும். இழந்த செவிப்புலன் பெரும்பாலும் திரும்புவதில்லை. பெரிய கட்டிகளுக்கு இம்முறை பொருந்தாது, அம்மாவின் கட்டி அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்பதை வைத்தியரிடமே கேட்டுத் தெளியுங்கள். கோபாற்று-60 இன் அரை ஆயுட்காலம், அதாவது அதன் கதிர்வீச்சுப் பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 5.27 ஆண்டுகள். மூலங்கள் பழசாகப் பழசாக அதே கதிரளவைக் கொடுக்க இரட்டிப்பு நேரம்கூடப் பிடிக்கும். எனவே படுக்கையில் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதையும் கேட்டு வையுங்கள், வயதானவர்களுக்கு அது முக்கியம்.

கொட்டகலை மகள்:
இருவருக்கும் நன்றி. கொழுந்துக் கூடை உதாரணத்தை அம்மா உடனே பிடித்துக்கொண்டார். இப்போது கேட்பது ஒன்றுதான்: தலையில் சட்டகம் பூட்டுவார்களாமே, வலிக்குமா?

ஓய்வுபெற்ற தாதி, பதுளை:
நான்கு திருகூசிகளால் மண்டையோட்டில் பொருத்துவார்கள். அதற்கு முன் அவ்விடங்களில் விறைப்பு ஊசி போடுவார்கள், அந்த ஊசிதான் சுருக்கென்றிருக்கும். பிறகு இறுக்கம் மட்டுமே தெரியும். அம்மா விழித்துக்கொண்டே இருப்பார்.