பெருச்சாளிக்கு ஏர் ரைபிள், எது வாங்கலாம்?

ஹொரமாவு வாசி:
வணக்கம். பெங்களூரு ஹொரமாவில் 30×40 சைட்டில் வீடு. பக்கத்துச் சைட் காலியாகப் புதர் மண்டிக் கிடப்பதால் பெருச்சாளிகள் காம்பவுண்டுக்கு அடியில் வளை தோண்டி, இப்போது சம்ப் மூடி வரைக்கும் வந்துவிட்டன. மாலூர் பக்கம் மாமனாருக்குக் கோழிப்பண்ணை இருக்கிறது, அங்கே தீவன அறையில் எலித் தொல்லை, ராத்திரி லைட்டைப் போட்டால் மூட்டை மேலேயே ஓடுகின்றன. இரண்டுக்கும் சேர்த்து ஒரு ஏர் ரைபிள் வாங்க யோசனை, பட்ஜெட் பதினைந்தாயிரம். நண்பர் .22 அளவுக் குழல் வாங்கு, அடி பலமாக இருக்கும் என்கிறார். கடைக்காரர் .177 போதும் என்று சொல்லிவிட்டு பிசிபி என்று வேறு ஏதோ காட்டினார். லைசென்ஸ் வேண்டுமா? பால்கனிப் புறாக்களையும் இதிலேயே விரட்டலாமா?

பெல்லட் பிரியன்:
முதலில் சட்டம். 2016 ஆயுத விதிகளின்படி .177, அதாவது 4.5 மி.மீ. குழல், சக்தி 20 ஜூலுக்குள் என்றால் லைசென்ஸ் வேண்டாம். .22 என்றால் வேண்டும். நண்பர் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். அப்புறம் .177ஐச் சின்னதாக நினைக்காதீர்கள், 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இதே அளவில்தான். அரை கிராம் ஈயக் குண்டு 20 ஜூலில் விநாடிக்கு 280 மீட்டர் வேகத்தில் போகும், பத்து மீட்டரில் எலிக்கு அது தாராளம்.

பிசிபி என்பது முன்கூட்டியே அழுத்தக் காற்றை அடைத்து வைத்துச் சுடும் வகை. அதற்கு 200 பார் அழுத்தம் அளவுக்குக் காற்றடைக்கப் பம்பு வேண்டும், உங்கள் பட்ஜெட்டுக்குள் அடங்காது. குழலை மடக்கி இழுக்கும் ஸ்பிரிங் வகையே எடுங்கள். பெட்டியில் ஆயிரத்துக்கு மேல் எஃப்பிஎஸ் (விநாடிக்கு இத்தனை அடி வேகம்) என்று போட்டிருந்தால் மயங்க வேண்டாம், அது பெரும்பாலும் எடை குறைந்த குண்டில் அளந்த கணக்கு, ஒலி வேகத்தை ஒட்டிப் போனால் குறி கெடும். ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னும் குலுங்கும், இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு இடத்தில் விழும், உள்ளங்கையில் சும்மா கிடத்திச் சுடணும். மலிவு ஸ்கோப் அந்தக் குலுக்கலிலேயே போய்விடும், இரும்புக் குறியே போதும். குண்டு போடாமல் வெறுமனே சுடாதீர்கள். ஈயம் தொட்ட கையோடு சாப்பிடாதீர்கள்.

மாடிவீட்டுக்காரி:
இவர் சொன்னதெல்லாம் பண்ணைக்கு சரி. ஹொரமாவில் வேண்டவே வேண்டாம் சார். 30×40 சைட்டில் குறி தப்பினால் குண்டு எங்கே போகும், பக்கத்து வீட்டு ஜன்னலுக்கா, பால்காரருக்கா? என் அண்ணன் செங்கல் சுவரில் டப்பா வைத்துச் சுட்டுப் பழகினான், ஒரு குண்டு திரும்பி வந்து அவன் முழங்காலில் பட்டது. நல்லவேளை, கண்ணில் படவில்லை.

பெருச்சாளிக்கு வளையைக் கண்டுபிடித்து உடைந்த கண்ணாடியும் சிமென்ட்டும் போட்டு அடையுங்கள், சம்ப் மூடி ஓரத்தில் இரும்பு வலை வையுங்கள், குப்பையை ராத்திரி வெளியே வைக்காதீர்கள். புறாவுக்கு பால்கனி வலை, ஒரு நாள் வேலை.

தோட்டக்காரன்:
மாலூரிலும் இலக்குக்குப் பின்னால் மணல் மூட்டை வைத்துவிட்டுத்தான் சுடணும், தகரம், கான்கிரீட் பக்கம் வேண்டாம். இன்னொன்று, எலி மட்டும்தான். கீரி, ஆந்தை, மயில் பக்கம் குழலைத் திருப்பினால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். காக்கா, பழந்தின்னி வௌவால் இரண்டும் முன்பு அந்தச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில், அதாவது தொல்லை உயிர்கள் பட்டியலில் இருந்தன, 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள், அதனால் பழைய சலுகையை நம்பி அவற்றையும் சுடாதீர்கள். சுட்ட எலியைப் புதையுங்கள், ஆந்தை தின்றால் ஈயம் அதன் வயிற்றுக்குப் போகும்.

ஆனால் எலி மூன்று வாரத்தில் குட்டி போடும் ஜாதி, ராத்திரிக்கு இரண்டு சுட்டு எந்தக் காலத்தில் தீரும்? தீவனத்தை மூடி போட்ட டிரம்மில் கொட்டுங்கள், மூட்டைகளைப் பலகை மேல் சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்குங்கள், ஜன்னலுக்கு அரை அங்குலக் கண்ணி வலை. எனக்கு இதிலேயே முக்கால்வாசி குறைந்தது, மிச்சத்துக்குத்தான் .177.

ஹொரமாவு வாசி:
எல்லோருக்கும் நன்றி. மாமனாருக்கு போன் போட்டேன். டிரம் வாங்கிவிட்டு வா, துப்பாக்கியைப் பற்றி அப்புறம் பேசலாம் என்கிறார். புறா வலைக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். சம்ப் மூடிக்கு எத்தனை கேஜ் வலை போட்டீர்கள் என்று மாடிவீட்டுக்காரி சொன்னால் நாளைக்கே வாங்கிவிடுவேன்.