ஒரே சோடியம் வாய்க்கால், எதிரெதிரான விளைவுகள்: சிலந்தி நஞ்சு பற்றி ஓர் ஐயம்

கேள்வி (விலங்கியல் மாணவி):
பேத்தை மீனின் டெட்ரோடோடாக்சினும் சிட்னி புனல்வலைச் சிலந்தியின் நஞ்சும் நரம்பணுவின் சோடியம் வாய்க்காலையே (சோடியம் அயனிகள் அணுவுக்குள் நுழையும் புரதத் துளையை) தாக்குகின்றன என்று படித்தேன். ஆனால் மீன் நஞ்சால் தசைகள் செயலிழந்து மூச்சு நின்றுபோகிறது. சிலந்தி கடித்தவருக்கோ தசைகள் துடிக்கின்றன, வியர்வையும் உமிழ்நீரும் பெருகுகின்றன. இலக்கு ஒன்றாக இருக்க, விளைவு ஏன் நேர்மாறாகிறது?

மறுமொழி (உடலியங்கியல் ஆசிரியர்):
இலக்கு ஒன்றுதான், பற்றும் இடம் வேறு. டெட்ரோடோடாக்சின் வாய்க்காலின் வெளிவாயில் தக்கைபோல் அமர்ந்து சோடியம் அயனிகளை மறித்துவிடுகிறது. புனல்வலைச் சிலந்தியின் டெல்டா ஹெக்ஸாடாக்சினோ, 42 அமினோ அமிலங்களால் ஆன சிறு புரதம். அது துளையை அடைப்பதே இல்லை. வாய்க்காலின் நான்கு பகுதிகளிலும் மின்னழுத்த மாற்றத்தை உணர்ந்து நகரும் உணரி ஒவ்வொன்று உண்டு. திறந்த வாய்க்கால் ஓரிரு மில்லிநொடிகளில் தானாக அடைபடுவதற்கு நான்காம் பகுதியின் உணரி வெளிப்புறமாக நகர்ந்தாக வேண்டும். நஞ்சு அந்த உணரியைப் பிடித்து நிறுத்திவிடுவதால் சோடியம் தொடர்ந்து உள்ளே கசிய, நரம்பு மீண்டும் மீண்டும் துடிப்புகளை எழுப்பி, அதன் முனைகளிலிருந்து அசிட்டைல்கோலின், நோரட்ரினலின் என்னும் செய்தி கடத்தும் வேதிப்பொருள்கள் அளவுமீறி வெளிப்படுகின்றன. நீங்கள் சொல்லும் வியர்வையும் தசைத் துடிப்பும் இதனால்தான்.

மறுமொழி (மருந்தியல் ஆய்வு மாணவர்):
ஆசிரியர் கூறியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சிலந்தி நஞ்சு என்றாலே நரம்பைத் தூண்டுவது என்று கொள்ள வேண்டாம். சீன டரான்டுலா என்னும் பெரிய சிலந்தி ஒன்றின் நஞ்சான ஹுவென்டாக்சின்-4, 35 அமினோ அமிலங்கள் கொண்டது. இது இரண்டாம் பகுதியின் உணரியை ஓய்வு நிலையிலேயே பிடித்து வைப்பதால் வாய்க்கால் திறப்பதில்லை. வலியுணர்வுக்கு இன்றியமையாத நாவ் 1.7 என்னும் வாய்க்காலை இது தடுப்பதால் வலிநிவாரணி ஆய்வாளர்கள் இதைப் பெரிதும் நாடினர். எனினும் தசையிலும் இதயத்திலும் உள்ள சோடியம் வாய்க்கால்கள் நாவ் 1.7 வாய்க்காலோடு மிகவும் ஒத்திருப்பதால், அவற்றைத் தொடாமல் அதை மட்டும் தடுப்பது எளிதன்று. இந்தச் சிக்கலைக் குறைத்து மதிப்பிடும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்குச் சற்று எரிச்சல்தான் வரும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. முயல்களைப் புனல்வலைச் சிலந்தியின் நஞ்சு அவ்வளவாகப் பாதிப்பதில்லை என்பது உண்மையா?

மறுமொழி (உடலியங்கியல் ஆசிரியர்):
உண்மை. மனிதரும் குரங்கும் எளிதில் பாதிக்கப்பட, முயலும் நாயும் பூனையும் பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன. ஆண் சிலந்தியின் நஞ்சே மிகக் கொடியது. அதை முயல்களுக்குச் செலுத்தி, அவற்றின் குருதியில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தே ஸ்ட்ரூவன் சதர்லாந்தின் குழுவினர் மெல்போர்னில் நச்சுமுறிவு மருந்தை உருவாக்கினர். அது 1981இல் பயன்பாட்டுக்கு வந்தது; அதற்கு முன் 13 இறப்புகள் பதிவாகியிருந்தன, அதன்பின் ஒன்றும் இல்லை.