ரெண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து ஓடினா பேஸ் காணாமப் போகுது, உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம். மூணு நாளா மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்கேன். பழைய டூ-வே ஸ்பீக்கர் ஜோடி (ஒவ்வொரு பெட்டியிலும் பேஸுக்கு ஒரு வூஃபர், மெல்லிசான சத்தத்துக்கு ஒரு ட்வீட்டர்), ஒரு ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்). இடது பக்கம் மட்டும் ஓடவிட்டா பேஸ் கும்முனு வருது. வலதும் அப்படித்தான். சேர்த்து ஓடவிட்டா பேஸ் பாதிக்கு மேல செத்துப்போகுது. பாடுறவர் குரல் நடுவுல நிக்காம, தலைக்குப் பின்னாடி எங்கிருந்தோ வர்ற மாதிரி இருக்கு. ஒரு ஸ்பீக்கர் பக்கமா நகர்ந்து உட்கார்ந்தா பேஸ் கொஞ்சம் திரும்புது. சலங்கை மாதிரி மெல்லிசான சத்தம் மட்டும் எப்பவும் போல நடுவுலேயே கேக்குது. ஆம்ப் போயிடுச்சா?

முதலாமவர்:
ஆம்ப் மேல பழி போடாதீங்க தம்பி. தனித்தனியா நல்லா இருந்து, சேர்ந்தா கெடுதுன்னா முதல்ல பார்க்க வேண்டியது பாலாரிட்டி, அதாவது பிளஸ்-மைனஸ் எங்கேயாவது மாறியிருக்கான்னு. ஒரு வூஃபர் காத்தை முன்னாடி தள்ளும்போது இன்னொண்ணு பின்னாடி இழுக்குது. 50 ஹெர்ட்ஸ் பேஸ் சத்தத்தோட அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். உங்க ரெண்டு பெட்டிக்கும் நடுவுல இருக்கிற தூரம் அதுக்கு ஒண்ணுமே இல்லை. அதான் பேஸ் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு சாகுது. ஆம்பை அணைச்சுட்டு, சிவப்பு சிவப்புக்குத்தான் போகுதான்னு ரெண்டு முனையிலும் பாருங்க.

கேட்டவர்:
பார்த்துட்டேன் அண்ணா, நிறம் எல்லாம் சரி. இருந்தாலும் வலது ஸ்பீக்கர் பின்னாடி ஒயரை மாத்திப் போட்டுப் பார்த்தேன். பேஸ் வந்துடுச்சு! குரலும் நடுவுக்கு வந்துடுச்சு. ஆனா இப்போ அந்தச் சலங்கைச் சத்தம் அறை பூரா சிதறுது. முன்னாடி இந்தத் தொல்லை இல்லை. இப்படியே விட்டுடலாமா?

இரண்டாமவர்:
விடாதீங்க. அந்தச் சலங்கைதான் துப்பு. வெளியில ஒயர் மாறியிருந்தா வூஃபரோட ட்வீட்டரும் சேர்ந்து தலைகீழாகியிருக்கும். உங்களுக்கு ட்வீட்டர் ஆரம்பத்துல சரியா இருந்திருக்கு, மாத்தினதும் கெட்டிருக்கு. அப்படின்னா பெட்டிக்குள்ள ஒரு வூஃபர் மட்டும் மாறிக் கிடக்கு. சமீபத்துல எதையாவது பிரிச்சீங்களா?

கேட்டவர்:
ஆமாங்க! வலது வூஃபரோட ஓரத்து ஃபோம் பொடிப்பொடியா உதிர்ந்து, போன மாசம் கடையில கொடுத்து மாத்தினேன். இதைச் சொல்லணும்னே தோணலை.

இரண்டாமவர்:
அப்போ ஒயரைப் பழையபடி சிவப்புக்குச் சிவப்பா வச்சுக்கோங்க. ஆம்ப் பக்கத்து முனையைக் கழட்டிட்டு, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி ஒண்ணு எடுங்க. பிளஸ்ஸை சிவப்பு ஒயர்லயும் மைனஸைக் கறுப்புலயும் சட்டுனு தொட்டு எடுங்க, அழுத்திப் பிடிக்க வேண்டாம். வூஃபர் கோன் (முன்னாடி தெரியுற கூம்பு) வெளியே வந்தா சரி, உள்ளே போனா மாறியிருக்கு. விளக்கைச் சாய்வா அடிச்சுப் பார்த்தா அசைவு நல்லாத் தெரியும்.

முதலாமவர்:
நல்ல கணிப்பு. ஒண்ணே ஒண்ணு, ட்வீட்டர் ஒயர்ல கை வைக்காதீங்க. பேஸையும் மெல்லிசான சத்தத்தையும் பிரிச்சு அனுப்புற கிராஸ்ஓவரைப் பொறுத்து சில பெட்டியில ட்வீட்டரை வேணும்னே தலைகீழா இணைச்சிருப்பாங்க. அதைப் பார்த்துத் தப்புன்னு நினைச்சுத் திருத்திடப் போறீங்க. இடது பெட்டியை யாரும் தொடலை, அதை வச்சே ஒப்பிடுங்க.

கேட்டவர்:
இடது கோன் வெளியே வந்துச்சு, வலது உள்ளே போச்சு! நாலு ஸ்குரூவைக் கழட்டி வூஃபரை மெதுவா வெளியே எடுத்தேன். பிளஸ் முனைக்குப் பக்கத்துல சின்னதா ஒரு சிவப்புப் புள்ளி. சால்டர் பேஸ்ட் பழுப்பாப் படிஞ்சு அதை மூடியிருந்துச்சு, நகத்தால சுரண்டினதுக்கு அப்புறம்தான் கண்ணுல பட்டுது. அந்த முனையில கறுப்பு ஒயரைப் பத்தவச்சிருக்காங்க. ரெண்டையும் மாத்திப் பத்தவச்சேன்.

இப்போ குரல் ரெண்டு பெட்டிக்கும் நட்ட நடுவுல நிக்குது, சலங்கையும் கூடவே. பேஸ் தரையில தெரியுது. ரிப்பேர் ஆனதுல இருந்து வலது பக்கம் தனியா ஓடும்போது குரல்ல ஒரு மங்கல் இருந்துச்சு, பெட்டி பழசாயிடுச்சுன்னு விட்டுட்டேன். அதுவும் போயிடுச்சு. ரெண்டு பேருக்கும் மனசார நன்றி. நேத்து ராத்திரி ஆம்பைத் தூக்கிக்கிட்டுப் போய்ப் பணத்தை இறைக்கிறதா இருந்தேன்.

முதலாமவர்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. ஸ்குரூவை மூலைக்கு மூலை மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. ஒரே பக்கத்தை முழுசா முறுக்கினா ஃபிரேம் கோணி, கோனுக்குப் பின்னாடி இருக்கிற காயில் உரச ஆரம்பிச்சுடும்.